கம்பளிக்குக் கம்பளி

நீலகிரியில் டிசம்பர் மாத ராத்திரியைக் கம்பளி இல்லாமல் கழிக்க முடியாது. குன்னூரை அடுத்த காட்டேரி பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் நஞ்சப்பசத்திரத்து மக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று நண்பகல், பனிமூட்டத்துக்குள் வந்த விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று அவர்கள் வீடுகளுக்கு அருகே மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான். கருகிக் கிடந்தவர்களைச் சரிவிலிருந்து தூக்கிவர ஸ்ட்ரெச்சர் இல்லை என்றானபோது, வீட்டுக்குள் போய்த் தாங்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளிகளை எடுத்துவந்து கொடுத்தார்கள். முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட 14 பேர் அதில் பயணம் செய்தார்கள் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. யார் விழுந்திருந்தாலும் அந்தக் கம்பளி வந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, அன்றைய காவல் துறைத் தலைவர் சைலேந்திர பாபு அந்தக் குடியிருப்புக்குப் போனார். மக்களுக்கு அவர் கொடுத்தது கம்பளி. அடுத்த சில நாட்களில் ராணுவத்தின் தென்பாரதப் பகுதித் தலைமை அதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் ஏ.அருண் வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்துக்கொள்வதாகவும், மாதம் ஒருமுறை டாக்டரும் நர்ஸும் வந்து மக்களைப் பார்ப்பார்கள் என்றும் அறிவித்தார்.

பேரிடரில் உயிர் காத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு விருதை எப்படி வடிவமைப்பது என்று யோசிக்கிறவர்கள் இந்த ஊரிலிருந்து தொடங்கலாம். அங்கே யாரும் ஓவியரைக் கூப்பிட்டு மாதிரி வரையச் சொல்லவில்லை. இவர்கள் எதைக் கொடுத்தார்கள், கொடுத்ததால் இவர்களிடம் இப்போது எது இல்லை, இவர்களுக்கு எது தேவை என்று யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கம்பளியும் டாக்டரும் வந்தார்கள்.

வழக்கமாக நடப்பது வேறு. வெள்ளம் வடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு மண்டபம் பிடிக்கப்படும். விழாவுக்கு முந்தின நாள் ஷீல்டு கடைக்கு ஆர்டர் போகும். மறுநாள் காலை பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் ஷீல்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தால், கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பலகை, அடியில் கறுப்புப் பீடம், நடுவே கூப்பிய கைகளோ விரிந்த சிறகுகளோ இருக்கும். மேலே விழா நடத்துகிறவர்களின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கீழே, வாங்குகிறவரின் பெயருக்கு ஒரு சிறு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரும் பல சமயம் வெறுமையாகவே இருக்கும், அல்லது பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கும். எந்த வெள்ளம், எந்தத் தெரு, இந்த மனிதர் அன்றைக்கு என்ன செய்தார் என்பதில் ஒரு வரிகூட அதில் கிடையாது. கிரிக்கெட் போட்டிக்கோ ஆண்டு விழாவுக்கோ அதே ஷீல்டைக் கொடுக்கலாம்.

இதைச் செய்கிறவர்களின் மனதில் குறை இல்லை. அவசரமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற ஒருவரின் வீட்டு டி.வி. ஸ்டாண்டில் பத்து வருஷம் இருக்கப்போகிற பொருள் அது. பேரப்பிள்ளை அதை எடுத்து, இது எதுக்குத் தாத்தா கொடுத்தாங்க என்று கேட்கும்போது, பொருள் ஊமையாக இருக்கக் கூடாது.

பேசுகிற பதக்கம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அதன் பிறகு தீயை அணைக்கவும் கதிரியக்கக் குப்பையை அள்ளவும் உலையைச் சுற்றிக் கூடு கட்டவும் சோவியத் நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். தீயணைப்பு வீரர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பைலட்டுகள், லாரி டிரைவர்கள், படைவீரர்கள் என்று சுமார் ஆறு லட்சம் பேருக்கு ‘லிக்விடேட்டர்’ என்ற தகுதி பின்னாளில் வழங்கப்பட்டது. அவர்களுக்குத் தரப்பட்ட பதக்கத்தின் நடுவே ஒரு துளி ரத்தம் இருக்கிறது. சிவப்பு எனாமல் பூச்சு. அந்தத் துளியை மூன்று கோடுகள் துளைத்துக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கிரேக்க எழுத்து: ஆல்பா, பீட்டா, காமா. காமாவின் கோடு நேராகப் போகிறது. மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வளைகின்றன. பள்ளிக்கூடத்து இயற்பியல் புத்தகத்தில் வரும் படம்தான் அது, காந்தப் புலத்தில் கதிர்கள் எப்படிப் பிரியும் என்று காட்டுகிற படம். புத்தகத்தில் காந்தத்தின் துருவங்கள் இருக்கும் இடத்தில் இங்கே மனித ரத்தம்.

அந்தப் பதக்கத்தில் தலைவர் படம் இல்லை, வெற்றி மாலை இல்லை, பறக்கிற கொடி இல்லை. அணிந்தவரின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது. மூன்றாம் உலையின் கூரையில் சிதறிக் கிடந்த கிராஃபைட் துண்டுகளை அள்ள ரோபோக்களை இறக்கிப் பார்த்தார்கள். கதிரியக்கத்தில் அவை செயலிழந்தன. பிறகு ஈயத் தகட்டை உடம்பில் கட்டிக்கொண்டு படைவீரர்கள் ஏறினார்கள். ஒரு ஆளுக்கு ஓரிரு நிமிடம்தான், மண்வெட்டியால் ஒன்றிரண்டு முறை அள்ளி எறிந்துவிட்டு ஓடி வர வேண்டும். அந்த ஓரிரு நிமிடத்தை, ஒரு பெரிய காசு அளவுள்ள உலோகத்தில் கொண்டுவந்த கலைஞர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

அதே செர்னோபில், பதக்கம் எங்கே போதாமல் போகிறது என்பதையும் காட்டியது. 2011இல் உக்ரைன் அரசு லிக்விடேட்டர்களின் ஓய்வூதியத்திலும் சலுகைகளிலும் கை வைத்தபோது, நோயாளிகளாகிவிட்ட அந்த மனிதர்கள் தெருவுக்கு வந்து போராட வேண்டியிருந்தது. நியூயார்க்கிலும் இதுதான் கதை. 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது 343 தீயணைப்புத் துறையினர் இறந்தார்கள். இடிபாடுகளின் தூசியைச் சுவாசித்து நோய்ப்பட்டுப் பின்னர் இறந்த அதே துறையினரின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் 343ஐத் தொட்டுவிட்டது. அந்த நோயாளிகளின் மருத்துவத்துக்கென்று அமெரிக்காவில் தனிச் சட்டம் வர ஏறத்தாழ பத்தாண்டு ஆனது. அவர்களுக்கான நினைவுச்சின்னம் 2019 மே 30 அன்றுதான் திறக்கப்பட்டது. ஆறு பெரும் பாறைகள் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் பிளவிலும் இடிந்த கோபுரத்தின் எஃகைப் பதித்திருக்கிறார்கள். பேரிடர் நடந்த இடத்தின் பொருளையே நன்றியின் பொருளாக்கிய அந்த யோசனை அருமையானது. ஆனாலும் மருத்துவ அட்டை இல்லாத பதக்கம் பாதி வேலைதான்.

இந்தியாவில் இதற்கு நெருக்கத்தில் ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாள் சிக்கிக்கிடந்தார்கள். மீட்புக்காகத் துளையிட்ட அமெரிக்க இயந்திரம் உடைந்து நின்றது. கடைசிச் சில மீட்டரைக் கையால் குடைந்து அவர்களை எட்டியவர்கள் ‘எலி வளை’ முறையில் சுரங்கம் தோண்டிப் பழகிய பன்னிரண்டு பேர். அந்த முறை நிலக்கரிச் சுரங்கங்களில் தடை செய்யப்பட்டது. அந்தத் திறமையை வைத்திருந்த ஏழைகளால்தான் 41 குடும்பங்களுக்கு மனிதர்கள் திரும்பி வந்தார்கள். மாநில அரசு ஆளுக்கு 50,000 ரூபாய்க் காசோலை கொடுத்தது. நிரந்தர வேலையோ வீடோ கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் மனம் நொந்தார்கள், காசோலையை மாற்றப்போவதில்லை என்றுகூடச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரி இறுதியில், அவர்களில் ஒருவருடைய டெல்லி வீடு ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டது. சட்டப்படி எது சரி என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாலை போட்டு வரவேற்ற மனிதரின் வீட்டின் மீது புல்டோசர் ஏறுவதற்கு முன்பு, இவர் யார் என்று கேட்க ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். உண்மையான விருது அந்த ஏற்பாடுதான்.

நம்மிடம் விருதுகள் இல்லாமல் இல்லை. உயிர் காத்தவர்களுக்கு ஒன்றிய அரசு 1961இல் ஏற்படுத்திய ஜீவன் ரக்ஷா பதக்கம் மூன்று படிநிலைகளில் தரப்படுகிறது. அதன் முகப்பைப் பார்த்தவர்கள் குறைவு. விரித்து உயர்த்திய ஒரு கை, அபய முத்திரை. அதற்கு மேலே, பயப்படாதே என்ற பொருள்படும் இரண்டு சமஸ்கிருதச் சொற்கள். கோயிலில் ‘அஞ்சேல்’ என்று நாம் அறிந்திருக்கிற அதே கை. வெள்ளத்தில் மொட்டை மாடியில் நிற்கிறவளிடம் படகிலிருந்து நீளுகிற கையும் அதையேதான் சொல்கிறது. நல்ல வடிவமைப்பு என்பது இப்படி, பார்த்தவுடன் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும். 2019 முதல் நேதாஜி பெயரில் பேரிடர் மேலாண்மைக்கான தேசிய விருதும் வழங்கப்படுகிறது. நிறுவனத்துக்கு 51 லட்சம் ரூபாய், தனியாளுக்கு 5 லட்சம். தமிழ்நாட்டில் குடியரசு நாளன்று வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் உண்டு. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தில் மீட்புப் பணி செய்தவர்கள் சிலர் அடுத்த மாதமே அதைப் பெற்றார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரிந்தபோது, மருந்துப் பையுடன் கம்பியில் தொங்கியபடி காட்டாற்றைக் கடந்துபோய் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலுதவி செய்த கூடலூர் செவிலியர் சபீனாவுக்கு, அந்த ஆண்டு சுதந்திர நாளிலேயே கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது. பதினாறே நாளில் தமிழ்நாடு அரசு காட்டிய அந்த வேகம் பாராட்டத்தக்கது.

இவற்றில் பெரும்பாலானவை தனியொருவரின் துணிச்சலை எடுத்துக்காட்டும் விருதுகள். வேண்டியவைதான். ஆனால் பேரிடரில் நடக்கும் வேலையில் பெரும் பகுதி அப்படிப்பட்டதல்ல.

2023 டிசம்பர் 17 அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றிரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். ரயிலை நிறுத்திவைத்த நிலைய அதிகாரிக்குப் பின்னர் ரயில்வே துறையின் தேசிய விருது கிடைத்தது. மிகவும் தகுதியான விருது. அதே நாட்களில், ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பு அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள். தங்கள் ஊரும் தண்ணீரில் கிடந்த நேரத்தில், இருந்த அரிசியைப் போட்டு அடுப்பு மூட்டினார்கள். இவர்களை விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டிய துறை எது? அவர்கள் எந்தத் துறையிலும் இல்லையே!

லைன்மேனை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் தண்ணீர் ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தியவர் அவர். மீட்புப் படகு மின்கம்பத்தை உரசிக்கொண்டு போகும்போது யாரும் சாகாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம். அந்த உயிர்காப்புக்குப் படம் கிடையாது, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெளிமாவட்டங்களிலிருந்து வந்து இறங்கிய தூய்மைப் பணியாளர்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கி எழுந்தபோது மலைபோல் குவிந்த அழுகலை அவர்கள் அள்ளியதால்தான் வெள்ளத்துக்குப் பின்னால் கொள்ளைநோய் வரவில்லை. குப்பத்து மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். கடலில் ஓட்டுகிற படகைக் கார்கள் மூழ்கிக் கிடக்கும் தெருவில் ஓட்டினால் அடிப்பகுதி கிழியும், இன்ஜினின் காற்றாடி உடையும் என்று தெரிந்தேதான் வந்தார்கள்.

எனவே வடிவமைப்பின் முதல் வேலை உலோகத்தில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

பட்டியல் எடுக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்குக் கேரளம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 669 படகுகள், 4,537 மீனவர்கள், அவர்கள் காப்பாற்றியவர்கள் 65,000க்கு மேல் என்று அந்த அரசால் எண்ணிச் சொல்ல முடிந்தது. எண்ணி எழுதிவைத்தால்தான் இப்படிக் கணக்கு வரும். அன்றைய முதல்வர் பினராயி விஜயன் அந்த மீனவர்களைக் கேரளத்தின் ராணுவம் என்று அழைத்தார். படகு ஒன்றுக்கு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தரப்படும், சேதமான படகுகள் பழுது பார்த்துத் தரப்படும் என்றும் அறிவித்தார். அதற்குக் கொச்சி மீனவ இளைஞர் ஒருவர் சமூக வலைதளத்தில் பதில் சொன்னார்: தங்கள் கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றியதற்குப் பணம் வேண்டாம் என்று. சேதமான படகைச் சரிசெய்து தருவதாகச் சொன்னதை அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

அந்த இளைஞர் பிரித்துக் காட்டிய கோட்டை விருது வடிவமைக்கிறவர்கள் மறக்கக் கூடாது. எரிந்த டீசலும் உடைந்த இன்ஜினும் கடன். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு மேடை தேவையில்லை. அதைப் பரிசு என்று பெயரிட்டுக் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூசும். நன்றி அதற்கு அப்பால் தனியாக வர வேண்டும்.

அதே வெள்ளத்தில், மலப்புரம் மாவட்டம் வேங்கரையில் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து நின்று தன் முதுகையே படியாக்கினார். பெண்கள் அந்த முதுகில் கால் வைத்து ரப்பர் படகில் ஏறினார்கள். யாரோ செல்போனில் எடுத்த அந்தக் காட்சி நாடு முழுக்கப் போனது. அவருக்கு ஒரு கார் பரிசாக வந்தது. அது அவருக்குத் தகும். கேமரா இல்லாத தெருக்களில் குனிந்த முதுகுகளுக்கு என்ன செய்வது என்பதுதான் அரசு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆஸ்திரேலியா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 2009 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலக் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். தீயை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அந்த அனுபவத்திலிருந்து 2011இல் ‘தேசிய அவசரநிலைப் பதக்கம்’ பிறந்தது. இது வீரத்துக்கான பதக்கமல்ல, பங்களிப்புக்கானது. குறிப்பிட்ட பேரிடரில், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நாட்களுக்குள் குறைந்தது ஐந்து நாள் பணி செய்திருந்தால் தகுதி உண்டு. சம்பளத்துக்குச் செய்தாரா, சும்மா செய்தாரா என்ற பேதமில்லை. தீயணைத்தவருக்கு உண்டு, முகாமில் சமைத்தவருக்கும் உண்டு. முகப்பில் அந்த நாட்டின் தேசிய மலரான வாட்டில் பூங்கொத்து. ரிப்பனில் ஒரு சிறு பட்டை கோத்திருக்கும், அதில் எந்தப் பேரிடர், எந்த ஆண்டு என்று எழுதியிருக்கும். இன்னொரு பேரிடரிலும் பணி செய்தால் அதே பதக்கத்தில் இன்னொரு பட்டை சேரும். சிக்கனமான, நேர்மையான ஏற்பாடு. அடிக்கடி புயலையும் வெள்ளத்தையும் பார்க்கிற நமக்கு இது நன்றாகவே பொருந்தும்.

பட்டையில் என்ன எழுதுவது என்பதற்கு நாம் ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதுகூட இல்லை. செயலைப் பெயரோடும் ஊரோடும் சேர்த்துப் பொறிப்பதில் இந்த மண்ணுக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் செதுக்கப்பட்டிருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் தனியாக எழுதியிருக்கிறார்கள். மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் காலத்தைக் குறிக்க மட்டுமே. மற்றபடி அந்தக் கல் வீரனுக்கும் நாய்க்கும் உரியது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக் கிடைத்த விவரம், இன்றைக்கு நாம் கொடுக்கிற ஷீல்டில் ஒரு லைன்மேனுக்குக் கிடைப்பதில்லை.

நடுகல் செத்தவருக்கு வைப்பது. நாம் பேசுவது பெரும்பாலும் உயிரோடிருப்பவர்களுக்கான விருது. இருந்தாலும் அந்தக் கல்லின் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: யார், எந்த ஊர், எப்போது, என்ன செய்தார். நான்கு விவரம், இரண்டு வரி, தமிழில். ‘மீட்புப் பணியில் சிறப்பாகச் செயல்பட்டமைக்காக’ என்கிற பொதுவான வாக்கியத்துக்கு அங்கே இடமே வேண்டாம். ‘முத்தம்மாள் நகர் மூன்றாம் தெருவில் இரண்டு நாள் படகு ஓட்டியவர்’ என்கிற மாதிரி ஒரு வரி போதும்.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீருடை அணிகிறவருக்கு நெஞ்சில் குத்திக்கொள்ளும் பதக்கம் பொருந்தும். கைலியோடு கடலுக்குப் போகிறவரும், நூறு பேருக்குப் பொங்கிய பெண்ணும் அதை எங்கே குத்திக்கொள்வார்கள்? பெட்டிக்குள் போய்விடும். அவர்களுக்கு வீட்டு வாசல்தான் சரியான இடம். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கல வில்லை, நிலைக்கதவுக்குப் பக்கத்தில் இரண்டு திருகாணியில் பதிக்கும்படியாக. கடற்கரை உப்புக்காற்றில் முலாம் பூசிய எந்தப் பொருளும் சில மழைக்காலம் கூடத் தாங்காமல் உரிந்துவிடும். அக்ரிலிக் மஞ்சளாகும். வெண்கலம் பச்சை பூக்கும், புளி போட்டுத் தேய்த்தால் திரும்ப மின்னும். வருகிற போகிறவர்கள் வாசலில் நின்று படிப்பார்கள். வரி கேட்டு வருகிற அதிகாரியும் படிப்பார், வீட்டை அளக்க வருகிறவரும் படிப்பார்.

வார்ப்பதற்கு ஊர் இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரியின் வண்டல் மண்ணை அதன் மேல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் கூட்டுக்குள் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வண்டலின் நயத்தால்தான் விரல் நகம்வரை தெளிவாக விழுகிறது. அதே முறையில், தாமிரபரணி வெள்ளம் வீடுகளுக்குள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஒரு கூடை எடுத்து, அந்த வெள்ளத்தில் உயிர் காத்தவர்களின் வில்லைக்கான வார்ப்பு மண்ணோடு கலக்கலாம். நியூயார்க் தன் எஃகைப் பயன்படுத்தியதைப் போல நாம் நம் ஆற்று மண்ணைப் பயன்படுத்துவோம். ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும் என்றால் அச்சில் அடிப்பதுதான் நடைமுறை. அப்போதும் மூலவார்ப்பு அந்தக் கைகளிலிருந்தே வரட்டும்.

முகப்பில் என்ன உருவம் என்பதைப் பணி செய்தவர்களைக் கேட்டு முடிவு செய்வது நல்லது. படகா, கயிறா, கைவிளக்கா, அகப்பையா? பெரும்பாலும் அரசுச் சின்னமும் தலைவர் படமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முகப்பைச் செயலுக்கு விட்டுவிட்டு, சின்னத்தைப் பின்பக்கம் வைக்கட்டும். ஜீவன் ரக்ஷா பதக்கத்தில் சிங்க முத்திரை பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

வில்லையோடு ஒரு அட்டையும் தர வேண்டும். சாக்கடை நீரில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம், அழுகலை அள்ளியவருக்குத் தோல் நோய் வரலாம், பிணங்களைத் தூக்கியவருக்கு வருஷக்கணக்கில் தூக்கம் வராமல் போகலாம். அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்காமல், மனநல ஆலோசனை உட்பட, அவர்களைக் கவனிக்கும்படியான அட்டை. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் போனவருக்கும் அந்த அட்டை உண்டு என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் முதலில் விடுபடுவது அவர்கள் பெயர்தான்.

கொடுக்கிற இடம் எது? 2020 ஆகஸ்ட் 7 அன்று கொட்டும் மழையில் கோழிக்கோடு கரிப்பூர் விமான நிலையத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 190 பேர் இருந்தார்கள், 21 பேர் இறந்தார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். கொண்டோட்டி மக்கள் தொற்றைப் பற்றி யோசிக்காமல் ஓடி, அடிபட்டவர்களையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு சொந்த வண்டிகளில் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். பிறகு அத்தனை பேரும் தனிமையில் வைக்கப்பட்டார்கள். இரண்டாண்டு கழித்து, உயிர் பிழைத்த பயணிகளும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் ஒரு முடிவெடுத்தார்கள். தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டிலிருந்து பங்கு போட்டு, விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 50 லட்சம் ரூபாயில் கட்டடம் கட்டித் தருவது என்று. அன்றைக்கு அந்த ஊர் மக்கள் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியிருந்ததைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது. நஞ்சப்பசத்திரத்துக் கம்பளியைப் போலவே, நடந்ததைக் கவனித்தவர்களின் நன்றி.

விருதும் அப்படி அந்த ஊருக்கே போக வேண்டும். தலைநகரின் குளிரூட்டிய அரங்குக்கு ஐந்நூறு பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து, முதல் பத்துப் பேருக்கு மேடையில் கொடுத்து, மீதிப் பேருக்கு வெளியே மேசையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதைவிட, தண்ணீர் நின்ற அதே தெருவில் ஒரு பந்தல் போட்டுக் கூப்பிடலாம். கொடுக்க வேண்டியவர், அன்றைக்கு மொட்டை மாடியிலிருந்து இறக்கப்பட்டவர்களில் ஒருவர். ஒவ்வொரு பெயரும் முழுதாக வாசிக்கப்பட வேண்டும், செய்த வேலையோடு சேர்த்து. இறந்துபோனவர் இருந்தால் அவர் பெயர் முதலில். நேரம் ஆகும்தான். ஆகட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு தாசில்தார் அலுவலகத்துக்கும் ஒரு பதிவேடு போய்ச் சேர வேண்டும்: பெயர், ஊர், நாள், செய்த வேலை என்று நான்கு பத்தி. படகு வந்தால் எண்ணோடும், அடுப்பு எரிந்தால் அடுப்பு மூட்டியவர் பெயரோடும், கம்பத்தில் ஏறினால் ஏறியவர் பெயரோடும் அன்றன்றைக்கே எழுத வேண்டும். தமிழ்நாடு அரசும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இந்த ஒரு வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். வில்லையின் அளவையும் உருவத்தையும் அடுத்த கோடையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.